வேலைக்குப் போகிறவர் எதில் போவார்? என் சிமுலேஷன் பாதி ஊரை மெட்ரோவில் ஏற்றிவிடுகிறது

நாவலூர்_நந்தன்

வணக்கம். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பைத்தானில் ஒரு சிமுலேஷன் எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்னையில் அண்ணாநகர், கோயம்பேடு பக்கம் குடியிருந்துகொண்டு கிண்டி, ஆலந்தூர் பக்கம் வேலைக்குப் போகிற கற்பனை ஆட்கள் பத்தாயிரம் பேர். ஒவ்வொருவருக்கும் வீடு, அலுவலகம், சம்பளம், வீட்டில் பைக் உண்டா இல்லையா என்று கொடுத்திருக்கிறேன். காலையில் பைக், பஸ், மெட்ரோ, ஷேர் ஆட்டோ, கார் இவற்றில் ஒன்றை அவர்கள் எடுக்க வேண்டும். தேர்வுக்கு வழக்கமான லாஜிட் சூத்திரம்தான். நேரத்தையும் செலவையும் எடைபோட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், மதிப்பெண் கூடக்கூட அதில் போகும் வாய்ப்பும் கூடும்.

ஓடவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் மெட்ரோவில் ஏறிவிடுகிறார்கள். நூறடி ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தவர் யாரும் இதை நம்ப மாட்டார்கள், அங்கே கண்ணுக்கெட்டிய வரை பைக்தான். பைக்கின் மதிப்பெண்ணில் தனியாக ஒரு மாறிலியை (எல்லோருக்கும் மாறாத ஒரே எண்ணை) கூட்டினால் எண் சரியாக வந்துவிடும் என்பது தெரியும். ஆனால் எதற்காகக் கூட்டுகிறாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணை கையில் இருக்கிறது. இதில் பழக்கமுள்ளவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

கோவை_குசும்பன்

உங்கள் சிமுலேஷனுக்குள் வீடு வாடகைக்குக் கிடைக்குமா? அங்கே டிராஃபிக்கே இருக்காது போலிருக்கிறதே.

மின்மினி_ஆய்வு

நந்தன், அந்த 2011 அட்டவணையைக் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்துங்கள். விவசாயமும் வீட்டுத்தொழிலும் தவிர்த்த 'இதர தொழிலாளர்கள்' எவ்வளவு தூரம், எதில் போகிறார்கள் என்பதுதான் அதில் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் வரமாட்டார்கள். அதோடு அப்போது மெட்ரோவே கிடையாது, கோயம்பேடு - ஆலந்தூர் ஓட ஆரம்பித்தது 2015 ஜூன் கடைசியில்தான். பைக்குக்கும் பஸ்ஸுக்கும் உள்ள விகிதத்தை ஓரளவு சரிபார்க்கலாம், அதற்கு மேல் அந்த அட்டவணையிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு கேள்வி. நடக்கிற நேரம், காத்திருக்கிற நேரம், வண்டியில் உட்கார்ந்திருக்கிற நேரம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிவிட்டீர்களா?

நாவலூர்_நந்தன்

ஆமாம். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை மொத்த நிமிடம். நிமிடம் என்றால் நிமிடம்தானே?

மின்மினி_ஆய்வு

பயணிக்கு அப்படி இல்லை. வெயிலில் நடக்கிற பத்து நிமிடத்தை ஏசியில் உட்கார்ந்திருக்கிற பத்து நிமிடத்தோடு யாரும் ஒன்றாக வைப்பதில்லை. பல ஊர்களில் ஆய்வு செய்து பார்த்ததில் நடை, காத்திருப்பு நிமிடங்களின் பாரம் வண்டிக்குள் இருக்கும் நிமிடத்தைப் போலச் சுமார் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு வரை வருகிறது.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். 14 கிலோமீட்டர் தூரம் என்று வையுங்கள். பைக்கில் 40 நிமிடம், பெட்ரோல் 30 ரூபாய். மெட்ரோவில் நிலையத்துக்கு நடை 10, நடைமேடையில் நிற்பது 4, ரயிலில் 24, இறங்கி நடப்பது 6, மொத்தம் 44 நிமிடம். கட்டணம் 40 ரூபாய். ஒரு நிமிடத்துக்கு 0.04, ஒரு ரூபாய்க்கு 0.02 கழிக்கிறோம், அதாவது மணிக்கு 120 ரூபாய் என்று நேரத்துக்கு விலை வைக்கிறோம். பைக் மதிப்பெண் மைனஸ் 2.20. மெட்ரோ மைனஸ் 2.56. வித்தியாசம் வெறும் 0.36, லாஜிட்டில் போட்டால் மெட்ரோவுக்கு 41 சதவீதம். உங்கள் பாதி ஊர் வந்துவிட்டதா?

இப்போது அந்த 20 நிமிட நடையையும் காத்திருப்பையும் மட்டும் இருமடங்காக எண்ணுங்கள். மெட்ரோ மைனஸ் 3.36-க்கு இறங்கும். பங்கு 24 சதவீதம். மாறிலி எதையும் தொடவில்லை, ரயிலின் வேகத்தையும் தொடவில்லை.

(எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் ஆட்களுக்கு ஆய்வு செய்துதான் எடுக்க வேண்டும்.)

பழைய_கன்சல்டன்ட்

தங்கை சொல்வது சரி. நான் முப்பது வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவன், அதனால் ஒரு பழைய கதை சொல்கிறேன்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 1970-களின் தொடக்கத்தில் பார்ட் ரயில் வரப்போகிறது. வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அதில் ஏறுவார்கள் என்று அதிகாரபூர்வக் கணிப்பு 15 சதவீதம் சொன்னது. டேனியல் மெக்ஃபேடன் குழு 1972-இல், ரயில் வருவதற்கு முன்பே, தனித்தனி ஆட்களிடம் எதில் போகிறீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு என்று கேட்டு, நந்தன் இன்று எழுதுகிற இதே லாஜிட்டைப் போட்டுப் பார்த்தது. அவர்களுக்கு வந்தது 6.3 சதவீதம். ரயில் ஓடிய பிறகு எண்ணிப் பார்த்தால் 6.2. 2000-இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்ததற்குப் பின்னால் இந்த மாதிரியான வேலைதான் இருக்கிறது.

நான் சொல்ல வருவது என்னவென்றால், பத்தாயிரம் ஆட்களை உருவாக்கி அவர்களுக்குப் பேர் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நல்ல ஆய்வுத் தரவு, நேர்மையான ஒரு சூத்திரம், அது போதும். இந்தக் காலத்துப் பையன்கள் கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதற்காகவே ஊரையே உள்ளே போட்டுவிடுகிறார்கள்.

சும்மா_படிக்கிறவன்

6.3, 6.2 கதையை எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள் சார், அதன் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அந்தக் கணிப்பில் மொத்தம்தான் பொருந்தியது, உள்ளே பிரித்துப் பார்த்தால் பொருந்தவில்லை. நடந்து வந்து ரயில் ஏறுவார்கள் என்று அந்த மாதிரி (மாடல்) சொன்ன பங்கு, உண்மையில் வந்ததைவிட ரொம்பவே அதிகம். நிலையத்தைச் சுற்றியிருந்த தெருக்கள் பல இடங்களில் நடக்கத் தோதாக இல்லை, அது சூத்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஒரு பக்கம் கூடியதும் இன்னொரு பக்கம் குறைந்ததும் சரிக்குச் சரியாகிவிட்டன. இதில் அதிர்ஷ்டமும் உண்டு என்று மெக்ஃபேடனே நோபல் உரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நம் ஊர் பறக்கும் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து 1995-இல் சேப்பாக்கம் வரை, 1997-இல் மயிலாப்பூர் வரை, 2007-இல் வேளச்சேரி வரை வந்தது. ரயிலின் வேகத்தில் குறையில்லை, கட்டணமும் மலிவு. எதிர்பார்த்த கூட்டம் மட்டும் வரவில்லை. அந்த நிலையங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் தனியாக நடந்து போயிருக்கிறீர்களா? தூணுக்கு அடியில் இருட்டு, மேலே ஏறினால் ஆளில்லாத கூடம், அத்தனை படிக்கட்டு. உங்கள் 'நடை 10 நிமிடம்' என்கிற எண்ணில் அந்த இருட்டு எங்கே இருக்கிறது?

மாறிலி பற்றிக் கேட்டீர்கள். அது வீட்டுப் பரண் மாதிரி, என்ன செய்வதென்று தெரியாததையெல்லாம் தூக்கி மேலே போட்டுவிடலாம். இன்றைய நிலவரத்துக்குப் பொருந்தும். நாளைக்கு ஒரு நிலையத்தில் விளக்குப் போட்டு, கீழே ஒரு இடியாப்பக் கடையும் வந்துவிட்டால் உங்கள் மாறிலி அசையுமா? அசையாது. அப்புறம் எதற்கு சிமுலேஷன்?

பழைய_கன்சல்டன்ட்

தம்பி, அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டாலும் அந்த 15 சதவீதக் கணிப்பைவிட அவர்கள் உண்மைக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள், அதையும் அதே உரையில் சொல்லியிருக்கிறார். முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள். இருட்டு, படிக்கட்டு எல்லாவற்றையும் மாறியாகச் சேர்க்கலாம், அதற்கு நிலையம் நிலையமாகப் போய்க் குறித்துக்கொண்டு வர ஆள் வேண்டும். சூத்திரத்தின் மேல் பழி போடாதீர்கள்.

பெரம்பூர்_பாபு

நான் படித்தவன் இல்லை, கணக்கும் தெரியாது. ஆனால் தினமும் பைக்கில் போகிறவன். நீங்கள் எல்லோரும் ஏதோ காலையில் எழுந்ததும் நாங்கள் பட்டியல் போட்டு யோசிப்பது போலப் பேசுகிறீர்கள். யார் சார் யோசிக்கிறார்கள்? பைக் வாங்கிய அன்றைக்கே அது முடிந்துபோன விஷயம். மாதத் தவணை போய்க்கொண்டுதான் இருக்கிறது, வண்டியை வீட்டில் நிறுத்தினாலும் போகும். கணக்கில் வருவது பெட்ரோல் மட்டும்தான்.

அப்புறம் நான் வீட்டிலிருந்து நேராகக் கம்பெனிக்கா போகிறேன்? பெண்ணைப் பள்ளியில் விட வேண்டும், வீட்டுக்காரியை ரயில்வே ஸ்டேஷனில் இறக்க வேண்டும். சாயங்காலம் அதே சுற்று, நடுவில் மாவு, காய்கறி, அம்மாவுக்கு மாத்திரை. மெட்ரோவில் போனால் பெண்ணுக்கு ஸ்கூலில் உடம்பு சரியில்லை என்று போன் வந்தால் எப்படிப் போவேன்? மெட்ரோ நல்லாத்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறோம். வேலை நாளில் அது எனக்கு ஒரு வழிக்குத்தான் உதவும், எனக்கு வேண்டியது நாள் முழுக்க ஒரு வண்டி.

மின்மினி_ஆய்வு

பாபு அண்ணா, கணக்குத் தெரியாது என்கிறீர்கள், இந்த இழையிலேயே முக்கியமான விஷயத்தைச் சொல்லியிருப்பவர் நீங்கள்தான்.

நந்தன், உங்கள் நிரலில் ஆள் தேர்ந்தெடுப்பது ஒரு பயணத்துக்கு. வீடு, அலுவலகம், முடிந்தது. அவர் சொல்வது ஒரு சுற்றுக்கு: வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்பும் வரை எல்லா நிறுத்தமும் சேர்ந்து ஒரே முடிவு. காலையில் பைக்கை எடுத்தால் சாயங்காலம் அது வீடு வந்து சேர வேண்டும், மெட்ரோவில் போனால் நடுவில் பைக் முளைக்காது. மேட்சிம் என்று ஒரு திறந்த மூல சிமுலேஷன் மென்பொருள் இருக்கிறது, சூரிக்கிலும் பெர்லினிலும் வளர்த்தது. அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முழு நாள் திட்டம் இருக்கும். அந்த ஒரு நாளை ஓடவிட்டுத் திட்டத்துக்கு மதிப்பெண் போட்டு, சிலர் மட்டும் மறுநாள் வேறு வண்டியையோ வேறு நேரத்தையோ முயன்று பார்ப்பார்கள், நல்லதாக இருந்தால் வைத்துக்கொள்வார்கள். வண்டி மாற்றும்போது சுற்று முழுக்கவும் சேர்த்தே மாற்றும்படி அதில் ஒரு பகுதி தனியாகவே உண்டு. கார், சைக்கிள் போன்றவை கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்று கட்டிப்போடலாம். நீங்கள் பைக்கையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால் போதும்.

இரண்டாவது, பைக் ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். உங்கள் பத்தாயிரம் பேரில் கணவன் மனைவி தனித்தனி வரிசையாக இருப்பார்கள், இரண்டு பேரும் அதே ஒரு பைக்கை அதே காலையில் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பின்சீட்டில் போவதைத் தனி வகையாகவே வையுங்கள். ஸ்டேஷன் வரை பின்சீட்டு, பிறகு ரயில் என்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். வெளிநாட்டு மாதிரிகளை அப்படியே எடுத்தால் அது இருக்கவே இருக்காது.

பழைய_கன்சல்டன்ட்

சுற்று, குடும்பம் எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் ஒரு எண்ணை எங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். எண் இல்லாதபோது ஊகிப்பீர்கள். ஐம்பது ஊகத்தின் மேல் நிற்கிற மாதிரியைவிட ஐந்து அளந்த எண்ணின் மேல் நிற்கிற மாதிரியைத்தான் நான் நம்புவேன். மெட்ரோ வந்தால் போவீர்களா என்று கேட்டு எண் எடுக்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். எல்லோரும் போவேன் என்பார்கள், பேனாவை மூடியதும் பைக்கை உதைத்துக் கிளம்பிவிடுவார்கள்.

மின்மினி_ஆய்வு

அதை மறுக்கவில்லை ஐயா. ஆனால் ஒரு பயணத்துக்கு ஒரு தேர்வு என்பதும் ஊகம்தான், பழகிப்போனதால் ஊகமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சும்மா_படிக்கிறவன்

இது நல்ல அடி.

நாவலூர்_நந்தன்

எல்லோருக்கும் நன்றி. நடைக்கு இருமடங்கு எடை போட்டு ஓடவிட்டேன், மெட்ரோ நன்றாகவே இறங்கியது. வீட்டுக்கு இத்தனை பைக் என்பதை இந்த வாரம் சேர்க்கிறேன். இன்னொரு விநோதம். ஷேர் ஆட்டோவைப் புதிதாக ஒரு வழித்தடத்தில் சேர்த்தால் பைக்காரர்கள் கூட்டமாக ஷேர் ஆட்டோவுக்கு வருகிறார்கள். பைக்கை விட்டுவிட்டு யார் ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு போவார்கள்?

மின்மினி_ஆய்வு

இந்தத் துறையில் இதைச் சிவப்புப் பஸ், நீலப் பஸ் சிக்கல் என்பார்கள். பைக் 50, பஸ் 50 என்று இருக்கிற இடத்தில் பஸ்ஸைப் போலவே நேரமும் செலவும் ஆகிற ஷேர் ஆட்டோவை விட்டால், வெறும் லாஜிட் மூன்றுக்கும் 33 என்று பிரித்துவிடும். பைக்கிலிருந்து 17 பேரைப் பிடுங்கிவிடும். நிஜத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற அதே ஆள்தான். பஸ் 25, ஷேர் ஆட்டோ 25, பைக் 50-ஐ ஒட்டியே நிற்கும். பஸ்ஸையும் ஷேர் ஆட்டோவையும் ஒரே கூட்டுக்குள் வைத்து நெஸ்டட் லாஜிட் எழுதுங்கள்: முதலில் சொந்த வண்டியா பொது வண்டியா, பிறகு பொது வண்டியில் எது. கையால் மதிப்பிட வேண்டாம், பயோஜீம் என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது, இலவசம்.

சும்மா_படிக்கிறவன்

இன்னும் இரண்டு சின்ன விஷயம், நந்தன் மாட்டிக்கொள்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். ஒன்று, மதிப்பெண்ணில் ஆளுக்கு ஆள் மாறுகிற தற்செயல் பகுதியை (ராண்டம் எண்ணை) ஒரு தடவை மட்டும் எடுத்து ஆளோடு சேமித்து வையுங்கள். திட்டத்துக்கு 'முன்', 'பின்' என்று இரண்டு ஓட்டத்துக்கும் புதிதாக எடுத்தால், எதுவுமே மாறாத தெருவில்கூட நாலு பேர் பைக்கிலிருந்து பஸ்ஸுக்குத் தாவுவார்கள், நீங்கள் அதைத் திட்டத்தின் வெற்றி என்று நினைத்துக்கொள்வீர்கள். இரண்டு, எல்லோரும் பைக்கில் ஏறினால் ரோடு நெரியும், நேரம் கூடும், அடுத்த ஓட்டத்தில் எல்லோரும் மெட்ரோவுக்குப் போவார்கள், ரோடு காலியாகும், திரும்ப எல்லோரும் பைக்குக்கு. முடிவே வராது. ஒவ்வொரு ஓட்டத்திலும் புது நேரத்தை அப்படியே எடுக்காமல் பழைய ஓட்டங்களோடு சராசரி செய்யுங்கள், அடங்கிவிடும். பைக் காருக்கு இடையில் புகுந்து சிக்னலில் முன்னால் போய் நிற்பதை, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதாக வைக்கிற வரிசை மாடல் காட்டாது, அதற்கு பாட்னா நகரத்துக்கு மேட்சிமில் செய்திருக்கிற வேலையைப் பாருங்கள்.

கோவை_குசும்பன்

சரி, கிண்டல் போதும், நானும் ஒரு கேள்வி கேட்கிறேன். எங்கள் ஊரில் மெட்ரோ இல்லை. இதெல்லாம் கோயம்புத்தூருக்குச் செய்தால் என்ன கிடைக்கும்?

மின்மினி_ஆய்வு

சென்னையில் கிடைக்காத ஒன்று உங்கள் ஊரில் கிடைக்கும்! 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னையில் ஓடுவது பெரும்பாலும் அரசு பஸ்தான். கோவையில் அதே தடத்தில் தனியார் டவுன் பஸ்ஸும் ஓடுகிறது, அதில் பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டும். தனியார் பஸ் முன்னால் வந்து நிற்கிறது, ஒரு பெண் ஏறவில்லை, அரசு பஸ்ஸுக்கு நிற்கிறார் என்றால், அவர் காத்திருப்புக்கு வைக்கிற விலை உங்கள் கண் முன்னால் தெரிகிறது. டிக்கெட் பத்து ரூபாய், அடுத்த அரசு பஸ் எட்டு நிமிடத்தில் என்று தெரிந்தும் தனியாரில் ஏறினால், அவருக்கு அந்தக் காத்திருப்பு மணிக்கு 75 ரூபாய்க்கு மேல். நின்றால் அதற்குக் கீழே. எந்தக் கேள்வித்தாளும் வேண்டாம். பக்கத்திலேயே ஆண்கள் நிற்கிறார்கள், அவர்களுக்கு இரண்டிலும் கட்டணம் உண்டு, ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பழைய_கன்சல்டன்ட்

இதுதான் நான் கேட்ட அளந்த எண். ஆனால் ஒரு எச்சரிக்கை. இலவசப் பஸ்ஸால் முன்பு வெளியே கிளம்பாதவர்களும் கிளம்பியிருப்பார்கள். மொத்தப் பயணத்தை மாறாமல் வைத்துவிட்டு எதிலிருந்து எதற்கு மாறினார்கள் என்று மட்டும் பார்க்கிற மாதிரி அவர்களைத் தவறவிடும். நடந்து போனவரும் வீட்டிலேயே இருந்தவரும் பட்டியலில் ஒரு தேர்வாக இருக்க வேண்டும்.

கோவை_குசும்பன்

காந்திபுரத்தில் ஒரு நோட்டோடு நின்றால் போதுமா?

மின்மினி_ஆய்வு

காந்திபுரம் வேண்டாம், அங்கே பஸ் நெருக்கமாக வரும், யாரும் காத்திருக்கத் தேவையே இருக்காது. பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு வகைப் பஸ்ஸும் வருகிற ஒரு வழி நிறுத்தமாகப் பாருங்கள். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வந்த நேரம், தனியாரா அரசா, உள்ளே உட்கார இடம் இருந்ததா, எத்தனை பெண்கள் ஏறினார்கள், எத்தனை பேர் ஏறாமல் நின்றார்கள், இவ்வளவு எழுதினால் போதும். ஏறாமல் நின்றவர்கள் அதே தடத்துக்குத்தான் நிற்கிறார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் தரவு கெட்டுவிடும். பள்ளி விடுகிற நேரத்தைத் தனித் தாளில் எழுதுங்கள்.

பெரம்பூர்_பாபு

மழை பெய்கிற நாளையும் தனியாக எழுதச் சொல்லுங்கள் தங்கச்சி. மழையில் எது முன்னால் வருகிறதோ அதில்தான் ஏறுவார்கள், காசாவது இலவசமாவது.